பூட்டா, திரைச்சீலையா?

அண்ணன் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள் வழக்கம்போல என் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தாள். எனக்குப் பதற்றம் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப், கேலரி, வங்கிச் செயலி மூன்றுக்கும் தனித்தனியாகப் பூட்டு போட்டிருந்தேன். இலவசமாகக் கிடைத்த ஒரு பூட்டுச் செயலி. பத்து நிமிடம் கழித்து வந்து சொன்னாள்: "சித்தப்பா, இந்தப் பூட்டு லேட்டா வருது. அதுக்குள்ள உள்ள இருக்கறது தெரிஞ்சுடுது."

செய்தும் காட்டினாள். வாட்ஸ்அப்பைத் தொட்டதும் உரையாடல் பட்டியல் கண்சிமிட்டும் நேரத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது. அதன்பிறகே பேட்டர்ன் கேட்கும் திரை வந்து விழுந்தது. நாலைந்து தடவை இப்படித் தொட்டால் மேலே இருக்கும் மூன்று பேரின் பெயரையும் அவர்கள் கடைசியாக அனுப்பிய வரியையும் படித்துவிடலாம். அவள் படித்தும் இருந்தாள்.

வீட்டுக்குள் ஆள் நுழைந்த பிறகு கதவில் பூட்டு வந்து தொங்குவதில்லை. செல்போனில் மட்டும் ஏன் இப்படி?

ஆண்ட்ராய்டு போனை ஓர் ஒண்டுக்குடித்தன வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸின் முன்னோடி, 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ். ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. ஆகவே ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஒருவருடைய கோப்பை இன்னொருவர் தொடாதபடி சுவர் எழுப்பினார்கள். ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அந்தச் சுவரை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஓர் எண் என்பதைச் செயலிக்கு ஓர் எண் என்று மாற்றிவிட்டார்கள். நாம் நிறுவும் செயலிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000இலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் எண் கிடைக்கிறது. இயங்குதளத்தின் கண்ணுக்கு வாட்ஸ்அப் ஓர் ஆள், வங்கிச் செயலி இன்னோர் ஆள். அவரவர் அறை அவரவருக்கு.

இந்த வீட்டில் பூட்டுச் செயலியும் ஒரு குடித்தனக்காரர்தான். அடுத்த குடித்தனத்தின் கதவில் பூட்டுப்போட அவருக்கு உரிமை கிடையாது. அவரால் முடிந்தது ஒன்றே. முற்றத்தில் உட்கார்ந்து, யார் எந்த அறைக்குள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். யாராவது வாட்ஸ்அப் அறைக்குள் கால் வைத்தால் ஓடிப்போய்க் குறுக்கே ஒரு திரைச்சீலையைப் பிடிக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட செயலிகள் நிறுவியவுடன் இரண்டு அனுமதிகளைக் கேட்கின்றன. எந்தச் செயலி இப்போது திரையில் இருக்கிறது என்று பார்க்க ஒன்று, பிற செயலிகளின் மேல் தன் திரையைக் காட்ட மற்றொன்று. பார்ப்பதும் இடைவிடாமல் நடப்பதில்லை. நொடிக்குச் சில முறை எட்டிப் பார்க்கும். இரண்டு எட்டிப் பார்த்தலுக்கு நடுவே விழுந்த இடைவெளியைத்தான் அண்ணன் மகள் கண்டுபிடித்தாள்.

2014இல் ஆண்ட்ராய்டு 5 வரும்வரை, எந்தச் செயலி ஓடுகிறது என்பதை வேறு எந்தச் செயலியும் எளிதாகத் தெரிந்துகொள்ள முடிந்தது. பிறகு அந்த வழியை அடைத்தார்கள். காரணம் உண்டு. திரைக்கு மேல் திரை போடும் இதே வித்தையைத்தான் வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் தீம்பொருள்களும் செய்கின்றன. நீங்கள் வங்கிச் செயலியைத் திறக்கும் நேரம் பார்த்து, அச்சு அசலாக அதைப்போலவே ஒரு திரையை மேலே விரித்து, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும். காவல்காரனும் திருடனும் ஒரே தொழில்நுட்பத்தைப் பிழைப்பாகக் கொண்டிருக்கிறார்கள். அனுமதி கேட்கும் பெட்டியைப் பார்த்து எவர் எந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது.

சில பூட்டுகள் இன்னும் ஒருபடி மேலே போய் 'அக்சஸிபிலிட்டி' அனுமதியைக் கேட்கும். பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் போன்ற வசதிகளுக்காக ஏற்பட்ட அனுமதி அது. அதைக் கொடுத்தால் முற்றத்துக் காவலர் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. திரை மாறும்போதெல்லாம் இயங்குதளமே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடும். பூட்டு சீக்கிரம் விழும். ஆனால் திரையில் இருக்கும் எழுத்தை வாசிக்கவும், உங்கள் சார்பில் பொத்தானை அழுத்தவும் அவருக்கு வழி திறந்துவிடும். மூன்று அறையைப் பாதுகாக்க, ஊர் பேர் தெரியாதவர் கையில் மொத்த வீட்டையும் ஒப்படைப்பதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் திரைச்சீலை திரைச்சீலைதான். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்தும்போது காவலரும் தூங்கிவிடுவார். போனை சேஃப் மோடில் போட்டால் நாமாக நிறுவிய செயலிகள் எதுவும் ஓடாது. பூட்டுச் செயலியும் ஓடாது. அப்போது போனோடு வந்த கேலரி திறந்தே கிடக்கும். இதற்கெல்லாம் போகாமல், பூட்டுச் செயலியின் படத்தையே நீள அழுத்தி அன்இன்ஸ்டால் கொடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு.

படங்களை ஒளித்துவைக்கும் 'பெட்டகம்' வகைச் செயலிகள் வேறு ரகம். அவற்றில் பல, படத்தைப் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புறையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். அப்படிப்பட்ட கோப்புறையைக் கேலரி காட்டாது. ஆனால் கணினியில் இணைத்துத் தேடினால் அகப்படும். 2015இல் உலகெங்கும் ஏராளமானோர் பயன்படுத்திய ஒரு பெட்டகச் செயலியை ஒருவர் பிரித்துப் பார்த்தார். ரகசிய மொழிக்கு மாற்றுவதாகச் சொன்ன அது, ஒவ்வொரு கோப்பிலும் முதல் 128 பைட்டுகளை மட்டும் மாற்றியிருந்தது. மாற்றிய சாவியிலும் 256 சாத்தியங்களே இருந்தன. பெரிய படம் ஒன்று முப்பது, நாற்பது லட்சம் பைட்டு இருக்கும். மாளிகையின் வாசற்படியை மட்டும் கழுவிவிட்டு வீடு முழுக்கக் கழுவியாயிற்று என்று சொன்ன கதை.

அப்படியானால் நிஜமான பூட்டு எங்கே இருக்கிறது? போனுக்குள்ளேயே இருக்கிறது, திரையைத் திறக்க நாம் தட்டும் பின் நம்பரில். கோப்புகளை ஒவ்வொன்றாக மறையாக்கம் செய்யும் முறை 2016இல் ஆண்ட்ராய்டு 7இல் வந்தது. சாவி இல்லாதவருக்கு அவை எழுத்துக் குப்பை. அந்தச் சாவி, நீங்கள் தட்டும் நம்பரும் சில்லுக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் கிடைக்கும். நினைவகத்தைக் கழற்றிக்கொண்டுபோய் வேறு கணினியில் மாட்டிப் பயனில்லை.

நாலு இலக்கப் பின்னில் 10,000 சாத்தியங்கள்தான். கணினிக்கு அது ஒரு கொட்டாவி விடும் வேலை. நம்மைக் காப்பது எண்ணிக்கையைவிட, தப்பாகத் தட்டத் தட்ட நீளும் காத்திருப்பு. 2016இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூடு நடத்தியவரின் ஐபோனைத் திறக்க ஆப்பிள் மீது நீதிமன்றம் போனது எதற்காக? பத்து முறை தப்பாகத் தட்டினால் அழிந்துபோகும் ஏற்பாட்டையும், இடையே காக்கவைக்கும் ஏற்பாட்டையும் நீக்கித் தரச் சொல்லித்தான். மீதியைக் கணினியை வைத்துத் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். ஆப்பிள் மறுத்தது, கடைசியில் எஃப்பிஐ வெளியாள் ஒருவரின் உதவியோடு திறந்துகொண்டது.

ஆனால் இந்தச் சில்லும் மறையாக்கமும் நாம் 1234 என்று வைத்தால் என்ன செய்யும்? 2012இல் வெளியான ஓர் அலசலில், கசிந்த சுமார் 34 லட்சம் நாலு இலக்கக் கடவு எண்களை எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய 11 விழுக்காடு 1234ஆகவே இருந்தது. பேட்டர்னில் 3,89,112 வடிவங்கள் போடலாம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் கண்ணாடியில் படியும் விரலின் எண்ணெய்த் தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தே வடிவத்தைப் படித்துவிடலாம் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டிவிட்டார்கள். முறுக்கு சாப்பிட்ட கையோடு பேட்டர்ன் போடுகிறவர்கள் கவனிக்க.

வாசல் பூட்டு பலமானது, சரி. அதைத் திறந்துவிட்டால் உள்ளே எல்லா அறையும் திறப்பு. போன் ஒருவருக்கு உரியது, அவர் அதை யாருக்கும் கொடுக்கமாட்டார் என்ற எண்ணத்தில் கட்டிய வீடு இது. கட்டியவர்கள் வாழும் கலிபோர்னியாவில் அது நடைமுறையாக இருக்கலாம். நம் வீட்டில் காலையில் அப்பாவிடம் இருக்கும் போன், பாடம் படிக்கப் பிள்ளையிடமும், சீரியல் பார்க்கப் பாட்டியிடமும், பேசப் பக்கத்து வீட்டம்மாவிடமும் போய் வருகிறது. பலருக்கு ஒரே கணினி என்ற 1969ஆம் ஆண்டு நிலைமை நம் கூடத்தில் அப்படியே இருக்கிறது. அதற்காகப் பிறந்த சுவர்களோ செயலிகளைப் பிரிக்கப் போய்விட்டன. ஆட்களைப் பிரிக்க அதிகம் மிஞ்சவில்லை.

இதில் அதிகம் அகப்பட்டுக்கொள்கிறவர்கள் பெண்கள். நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் பேசி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. போனை வீட்டார் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கேட்காமலே எடுத்தும் பார்ப்பார்கள். அதற்குள் தனக்கென்று ஒரு மூலையை அந்தப் பெண்கள் பல விதமாகக் காத்துக்கொண்டார்கள்: போன் பூட்டு, செயலிப் பூட்டு, அவ்வப்போது அழித்துவிடுதல், தடம் பதியாத முறையில் இணையம் பார்த்தல், சிலவற்றைப் போனில் தொடாமலே விட்டுவிடுதல். இந்த ஐந்தில் செயலிப் பூட்டுக்குத் தனி மதிப்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்தப் போனையும் பூட்டினால் "அப்படி என்னத்த மறைக்கிறே?" என்று கேள்வி வரும். ஒன்றிரண்டை மட்டும் பூட்டினால் போனை மறுக்காமல் கொடுக்கலாம். ஆகவே திரைச்சீலையை நான் கேலி செய்தாலும், அது தேவைப்படுகிறவர்களைக் கேலி செய்ய மாட்டேன்.

நல்லவேளையாக, வீட்டுக்காரரே இப்போது அறைகளுக்குப் பூட்டுப்போடத் தொடங்கியிருக்கிறார். பல நிறுவனப் போன்களில் செட்டிங்ஸுக்குள்ளேயே செயலிப் பூட்டு வருகிறது. இயங்குதளமே காவல் நிற்பதால் எட்டிப் பார்க்கும் இடைவெளி இல்லை. வாட்ஸ்அப் 2019இல் கைரேகைப் பூட்டையும், 2023இல் தனி உரையாடலுக்கான பூட்டையும் தானே கொண்டுவந்தது. குடித்தனக்காரர் தன் கதவைத் தானே சாத்திக்கொள்வது போல. சாம்சங் போன்களில் 2017 முதல் செக்யூர் ஃபோல்டர் இருக்கிறது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15, பிரைவேட் ஸ்பேஸ் என்று ஒரு தனி மனையையே ஒதுக்குகிறது. அதற்குள் வைக்கும் செயலி புதிய பிரதி. பூட்டினால் உள்ளே இருப்பவை ஓடாது, அறிவிப்பும் வராது. போனின் பின் ஒன்று, இதற்கு வேறொன்று என்று வைக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். அதே ஆண்டு வந்த ஐபோனின் ஐஓஎஸ் 18இல் பெரும்பாலான செயலிகளை முகம் காட்டித் திறக்கும்படி பூட்டலாம், சிலவற்றை மறைத்தும் வைக்கலாம். ஆனால் முகம் பொருந்தாதபோது அது கேட்பது போனின் கடவு எண்ணை. அந்த எண் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம் என்றால் பூட்டு இருந்தும் இல்லாததே.

குழந்தை கையில் கொடுக்க வேறு நல்ல வழி உண்டு. அறைகளைப் பூட்டுவதற்குப் பதில் குழந்தையை ஒரே அறையில் உட்கார வைப்பது. ஆண்ட்ராய்டு 5இல் வந்த ஆப் பின்னிங் ஒரு செயலியைத் திரையோடு குத்திவைத்துவிடும். பின் கொடுக்காமல் வெளியே வரமுடியாதபடி அமைத்துக்கொள்ளலாம். ஐபோனில் 2012 முதல் இருக்கும் கைடட் அக்சஸ் அதே வேலையைச் செய்கிறது. அதை அறிமுகம் செய்தபோது ஆப்பிள் சொன்ன காரணம் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் ஒரே செயலியில் கவனம் வைக்க உதவும் என்பது.

ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரம்பு வைக்கும் நேரப்பூட்டின் கதை தனி. கணினிக் கடவுச்சொல் 1960களின் தொடக்கத்தில் எம்ஐடியில் வந்தது, அதுவும் பலர் பகிர்ந்த ஒரு கணினிக்காகத்தான். அங்கே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரம் நாலு மணி நேரமே ஒதுக்கீடு. போதவில்லை. 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சடித்துத் தரும்படி துளை அட்டையில் கணினிக்குக் கட்டளை கொடுத்தார். அது அடித்துக் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் கணக்கில் புகுந்து மிச்ச நேரத்தை எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று பூட்டை உடைக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு மூதாதை இருக்கிறார். நம்மையே நாம் பூட்டிக்கொள்ளும் நேரப்பூட்டில் சாவியும் நம்மிடமே இருப்பதால் அது மூன்றாம் நாள் திறந்துவிடும். என்னுடைய சாவி இப்போது மனைவியிடம்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும், பூட்டுத்திரையில் வந்து விழும் அறிவிப்பில் ஓடிபி முழுசாகத் தெரிந்தால் பயனில்லை. அறிவிப்பின் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. யுபிஐ பின்னை வங்கி சரிபார்க்கிறது என்பதால் செயலிப் பூட்டு உடைந்தாலும் பணம் போகாது என்று இருந்துவிடாதீர்கள். யுபிஐ லைட் சிறு தொகைக்குப் பின் கேட்பதில்லை.

அந்த இலவசப் பூட்டைத் தீபாவளி அன்றே நீக்கிவிட்டேன். நீக்கும்போது செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பக்கத்தைத் திறந்து பார்த்தால், எப்போதோ நிறுவி மறந்துபோன இன்னொரு செயலியும் அந்த அனுமதியோடு உட்கார்ந்திருந்தது. உங்கள் போனிலும், வீட்டில் அப்பா அம்மா போனிலும் இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.