வெள்ளத் தடுப்புச் செலவு: இலாபமா, நட்டமா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பதை அறியாத வணிகர் இல்லை. எவ்வளவு செலவில் போடுவது என்பதில்தான் நமக்குக் குழப்பம்.

2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சுற்றுப்புறமும் நீரில் நின்றதை நாம் அறிவோம். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்ல வேண்டும். கால்வாய் தூர்ந்து கிடந்தால் அந்த நீர் தெருவுக்கு வரும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டால், சாலை உயர்ந்து கடை தாழும்.

இனி ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வெள்ளத்தில் ரூ.1,50,000 சரக்கு பாழாகிறது. பத்தாண்டில் இருமுறை வெள்ளம் வருகிறது என வைத்துக்கொள்வோம். ஆண்டு சராசரி நட்டம் ரூ.30,000. இதுவே நம் அளவுகோல்.

மூட்டைகளை அடுக்க இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டு ரூ.40,000 ஆகிறது; பத்தாண்டு உழைக்கும். ஆண்டுக்கு ரூ.4,000 செலவு. சர்க்கரை, மாவு, பருப்பு போன்ற நனைந்தால் வீணாகும் சரக்கை அதன்மேல் வைத்து மூன்றில் இரண்டு பங்கு நட்டத்தைத் தவிர்த்தால், மிச்சம் ரூ.20,000. நல்ல இலாபம்.

தரையை உயர்த்த ரூ.2,00,000, அதாவது ஆண்டுக்கு ரூ.20,000 ஆகிறது. தனியாகப் பார்த்தால் ரூ.30,000 நட்டத்தைத் தடுப்பதால் இலாபம் போலத் தோன்றும். ஆனால் ஸ்டாண்டு போட்ட பிறகு மீதமுள்ள நட்டம் ரூ.10,000 மட்டுமே. அதைத் தடுக்க ரூ.20,000 செலவிடுவது நட்டமே. ஒவ்வொரு புதுச் செலவையும் மிஞ்சியிருக்கும் நட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வாடகைக் கடைக்கு இது இன்னும் பொருந்தும். சொந்தக் கடையைப் புதிதாகக் கட்டும்போது மட்டும் தரையை உயர்த்தத் தயங்க வேண்டாம்.

வாசலில் தடுப்புப் பலகை வைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் வழியாகவும் வெள்ளம் உள்ளே ஏறும். அதில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால் பலகைச் செலவு வீண்.

இரண்டடிக்கு மேல் வரும் நீருக்குக் காப்பீடுதான் துணை. காப்பீட்டுக்குரிய சொத்து ரூ.5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் வெள்ளமும் அடங்கும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்கச் சரக்கு மதிப்பைப் பாதியாகக் காட்டினால், இழப்பீடும் வெட்டுப்படும். கொள்முதல் பில்களின் நகலையும் இருப்புக் கணக்கையும் வீட்டில் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது.

இவையெல்லாம் தனித்தனிக் கடைக்கான காப்பு. கால்வாய் தூர்வாரினால் தெரு முழுவதும் பிழைக்கும். நமக்கு ஆகும் செலவோ ஒரு மனுவும் சில நடையும்தான். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஏரிக் கால்வாய்க்கு நீர்வளத் துறையிடமும், மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் சங்கத்தின் மூலம் ஒன்றாகச் சென்று வலியுறுத்துவோம். நம் கணக்கில் மிகக் குறைந்த முதலில் மிக அதிக இலாபம் தருவது அதுவே.