பதினோரு கோல் வாங்கிய கைகள்

உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம் கோலே விழாமல் முடிந்தால், பார்த்தவர்கள் நேரம் வீணாய்ப் போனது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார்கள். 2019 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸில் ஜப்பானும் அர்ஜென்டினாவும் மோதிய பெண்கள் ஆட்டம் 0–0 என்றுதான் முடிந்தது. கடைசி விசில் ஊதியதும் அர்ஜென்டினப் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள், குதித்தார்கள், பார்வையாளர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஜப்பான் லேசுப்பட்ட அணி கிடையாது. 2011-இல் கோப்பையை வென்றது, 2015-இல் இறுதி ஆட்டம் வரை போனது. அந்த அணியிடமிருந்து பறித்த ஒரு புள்ளிதான், உலகக் கோப்பை வரலாற்றிலேயே அர்ஜென்டினப் பெண்கள் எடுத்த முதல் புள்ளி. அதற்கு முன் அவர்கள் ஆடியது ஆறு ஆட்டம். ஆறிலும் தோல்வி. போட்ட கோல் 2, வாங்கியது 33.

அந்த 33-இல் 11 ஒரே ஆட்டத்தில் விழுந்தவை. 2007 செப்டம்பர் 10, ஷாங்காய், எதிரணி ஜெர்மனி. அன்று கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் வானினா கொரேயா. பன்னிரண்டு வருடம் கழித்துப் பாரிஸில் ஒரு பந்தையும் உள்ளே விடாமல் நின்றவரும் அதே வானினா கொரேயாதான்.

கல்லூரியில் படிக்கும்போது நானும் கோல்கீப்பர். இப்போது பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அர்ஜென்டினா என்றதும் மெஸ்ஸி, மரடோனா என்று பேச ஆளுக்கா பஞ்சம்? எனக்கு அந்த நாட்டின் கால்பந்து என்றால் கொரேயாதான். அந்த அணிக்கு நடந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் வாழ்க்கையே சாட்சி.

ஷாங்காயில் விழுந்த முதல் கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 12-ஆவது நிமிடம். ஜெர்மனிக்குக் கார்னர். மெலானி பெரிங்கர் அடித்த பந்து கம்பத்தை ஒட்டி வளைந்து வந்தது. கொரேயா எழும்பிக் கை வைத்தார். பந்து அவர் கையில் பட்டே வலைக்குள் போனது. இப்படி ஒரு கோல் விழுந்தால் கோல்கீப்பருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த கார்னருக்கு வெளியே வரலாமா, கோட்டிலேயே நிற்கலாமா என்று உடம்பு ஒரு கணம் தயங்கும். பெரிய அணிகளுக்கு அந்த ஒரு கணம் போதும். இடைவேளைக்குள் ஐந்து. முடியும்போது பதினொன்று. அதுவரை எந்தப் பெண்கள் உலகக் கோப்பையிலும் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் ஜெயித்ததில்லை. 2019-இல் அமெரிக்கா தாய்லாந்துக்கு 13 போட்ட பிறகுதான் அந்தச் சாதனை கைமாறியது.

பதினொன்றையும் கோல்கீப்பர் தலையில் கட்டுவது எளிது. ஆனால் எதிரே நின்ற ஜெர்மனி நடப்புச் சாம்பியன். அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காமல் மறுபடியும் கோப்பையைத் தூக்கிய அணி. அர்ஜென்டினப் பெண்களோ பகலில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வந்தவர்கள். நாட்டில் பெண்கள் கால்பந்து அப்போது தொழில்முறை ஆகியிருக்கவில்லை. கோல்கீப்பரின் கண்ணும் காலும் பழகுவது பெரிய ஆட்டங்களில்தான். வேகமான பந்தையே பார்க்காதவரை வேகமான பந்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அங்கே பெண்கள் ஆடுவது புதிதும் அல்ல. 1971-இல் மெக்ஸிகோவில் பெண்களுக்கென்று ஓர் உலகப் போட்டி நடந்தது. ஃபிஃபாவின் அங்கீகாரம் இல்லை. ஆனாலும் அஸ்டெக்கா மைதானம் நிரம்பி வழிந்தது. அர்ஜென்டினாவிலிருந்து போன பெண்களுக்குப் பயிற்சியாளர் இல்லை, மருத்துவர் இல்லை. முள் வைத்த பூட்ஸையே மெக்ஸிகோவுக்குப் போய்த்தான் முதன்முதலாகக் காலில் மாட்டினார்கள். அந்த நிலையில் ஆகஸ்ட் 21-ஆம் தேதி இங்கிலாந்தை 4–1 என்று ஜெயித்தார்கள். நான்கு கோலும் எல்பா செல்வா என்ற ஒரே பெண் போட்டது. பதினைந்து வருடம் கழித்து அதே அஸ்டெக்காவில், அதே இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா போட்ட இரண்டு கோலை உலகமே மனப்பாடமாய் வைத்திருக்கிறது. செல்வாவின் நான்கைச் சொந்த நாடே நாற்பது வருடத்துக்கும் மேல் மறந்திருந்தது. அன்று ஆடியவர்கள் வயதான காலத்தில் ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்து, கதையைத் தாங்களே ஊருக்குச் சொல்லித்தான் அந்த மறதி கலைந்தது. இன்று ஆகஸ்ட் 21 அர்ஜென்டினாவில் கால்பந்து வீராங்கனைகளின் நாள்.

பக்கத்து நாடான பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டமே தடை போட்டிருந்தது. தடை என்று ஒன்று இருந்தால் அதை எதிர்த்துப் போராடலாம். அர்ஜென்டினாவில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டார்கள், அவ்வளவுதான். இரண்டில் எது கொடுமை என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அர்ஜென்டினக் கால்பந்து சங்கமான ஏ.எஃப்.ஏ. பெண்களுக்கென்று போட்டித் தொடரைத் தொடங்கியதே 1991-இல்தான்.

அப்படியும் அணி வளர்ந்தது. 2003-இல் முதல் உலகக் கோப்பை. அந்த அணியில் இருபது வயதுக் கொரேயா மாற்றுக் கோல்கீப்பர். ஜப்பானிடம் 6, கனடாவிடம் 3, ஜெர்மனியிடம் 6 வாங்கித் திரும்பினார்கள். ஆனால் 2006 நவம்பரில் மார் தெல் பிளாட்டா நகரில் பிரேசிலை 2–0 என்று ஜெயித்துத் தென்னமெரிக்காவின் சாம்பியன் ஆனார்கள். அந்தப் பட்டத்தைப் பிரேசிலிடமிருந்து பிடுங்கிய நாடு இன்றுவரை அது ஒன்றுதான். விதை போட்டு நீர் ஊற்றியிருக்க வேண்டிய நேரம். அடுத்த வருடம் ஷாங்காய், அதற்கடுத்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மூன்று தோல்வி. சங்கம் கையை விரித்துவிட்டது.

2015-க்குப் பிறகு சுமார் இரண்டு வருடம் அணி ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பயிற்சியாளரும் இல்லை. ஆடாத அணிக்கு ஏது இடம் என்று ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலிலிருந்தே பெயர் போயிற்று. 2017-இல் மறுபடி கூட்டினார்கள். உருகுவேயுடன் நட்பு ஆட்டம். மான்டிவிடியோவுக்குப் போன வீராங்கனைகளுக்கு ஓட்டல் அறை போடவில்லை; பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து மைதானத்தில் இறங்கினார்கள். பயிற்சிக்கு வந்தால் நாளுக்கு 150 பெசோ பேட்டா. பத்து டாலருக்கும் குறைவான அந்தக் காசும் பாக்கி. பயிற்சிக்குக் கொடுத்தது தேய்ந்துபோன செயற்கைப் புல் மைதானம். செப்டம்பரில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார்கள்.

அவர்கள் கேட்டது என்னென்ன என்று பாருங்கள்: பாக்கிப் பேட்டா, புல் இருக்கிற மைதானம், ஒழுங்கான உடை மாற்றும் அறை. ஒரு நாட்டின் தேசிய அணி இதற்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

2018 ஏப்ரலில் சிலியில் தென்னமெரிக்கப் போட்டியான கோப்பா அமெரிக்கா. கொலம்பியாவுடனான ஆட்டத்துக்கு முன் அணிப் படம் எடுக்க நின்றபோது, எல்லோரும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டார்கள். அர்ஜென்டினாவில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். 2001-இல் போக்கா ஜூனியர்ஸின் ரிக்கெல்மே, கோல் போட்டுவிட்டுத் தன் கிளப் தலைவரைப் பார்த்துச் செய்த சைகை அது: ‘நாங்கள் சொல்வது காதில் விழுகிறதா?’ படம் நாடு முழுக்கச் சுற்றியது. ஆட்டத்தில் கொலம்பியாவை 3–1 என்று அடித்து, தொடரில் மூன்றாம் இடம் பிடித்து, பனாமாவுடன் மோதும் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள். நவம்பரில் புவனோஸ் ஐரிஸை ஒட்டிய சராந்தியில் ஆட்டம். 11,000 பேருக்கு மேல் வந்தார்கள். அதுவரை தங்கள் ஆட்டத்தைப் பார்க்க அம்மா அப்பாவும் தோழிகளும் மட்டுமே வந்து பழகிய பெண்கள் 4–0 என்று ஜெயித்தார்கள். பனாமாவில் 1–1. உலகக் கோப்பைக்கு வழி திறந்தது.

இதற்குள் கொரேயா என்ன ஆனார்? பல வருடம் ஆட்டத்தையே விட்டிருந்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். ரொசாரியோவை அடுத்த தன் ஊரான வில்லா கோபெர்னாதோர் கால்வெஸில், நகராட்சியில் காசாளர் வேலை. அங்கிருந்துதான் திரும்பி வந்தார். முப்பது வயதைத் தாண்டி, பிள்ளை பெற்ற உடம்போடு கீழே விழுந்து எழும் பயிற்சியை மறுபடி தொடங்குவது எப்படியிருக்கும் என்று தினமும் மண்ணில் விழுகிறவர்களுக்குத்தான் தெரியும். முதலில் இடுப்பு கேட்காது, பிறகு தோள். பதினோரு கோலின் ஞாபகம் அதற்கும் மேல்.

2019 தொடக்கத்தில் மகரேனா சான்செஸ் என்ற வீராங்கனையை அவருடைய கிளப் சீசன் நடுவிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. ‘நான் தொழில்முறை ஆட்டக்காரி, அப்படியே என்னை நடத்த வேண்டும்’ என்று அவர் சட்டத்தின் கதவைத் தட்டினார். மிரட்டல்கள் வந்தன, பின்வாங்கவில்லை. மார்ச் 16-ஆம் தேதி ஏ.எஃப்.ஏ. இறங்கிவந்தது: முதல் பிரிவின் 16 கிளப்புகளும் தலா எட்டு வீராங்கனைகளுடனாவது ஊதிய ஒப்பந்தம் போட வேண்டும். பதினொரு பேர் ஆடும் விளையாட்டில் எட்டுப் பேருக்குச் சம்பளம். அதுவும் ஆண்களின் நான்காம் பிரிவில் தருகிற குறைந்தபட்ச அளவுக்கு. கொண்டாடவும் முடியாத, வேண்டாம் என்றும் சொல்ல முடியாத முடிவு. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் பயிற்சி நேரம் வேலை நேரம் ஆகிறது. எல்லாமே அதற்குப் பிறகுதான் சாத்தியம்.

மூன்று மாதத்தில் பாரிஸ். ஜப்பானுக்கு எதிராகப் பத்தாம் எண் எஸ்தெஃபானியா பனினி பந்தைக் காலில் ஒட்டிவைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரை இழுத்தபடி ஓடியது எல்லோர் கண்ணிலும் பட்டது. எனக்குப் பிடித்தது அடுத்த ஆட்டம். இங்கிலாந்துக்கு 28-ஆவது நிமிடத்தில் பெனால்டி. நிகிதா பாரிஸ் உதைக்க வந்தார். கொரேயா முந்திச் சாயாமல் காத்திருந்து, இடப்பக்கமா வலப்பக்கமா என்று பந்து முடிவு சொன்ன பிறகே பாய்ந்து கையால் தள்ளிவிட்டார். 0–1 என்று தோற்றார்கள்தான். ஆனால் 2007-இல் இதே இங்கிலாந்து ஆறு போட்டிருந்தது.

ஜூன் 19, ஸ்காட்லாந்து. 69-ஆவது நிமிடத்தில் 0–3. அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். 74-இல் மிலாக்ரோஸ் மெனெந்தெஸ் ஒன்று. 79-இல் ஃப்ளோரென்சியா பொன்செகுந்தோ அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கோல்கீப்பர் லீ அலெக்ஸாண்டர் மேல் விழுந்து உள்ளே போனது. கடைசியில் பெனால்டி. பொன்செகுந்தோ உதைத்தார், அலெக்ஸாண்டர் தடுத்துவிட்டார். உதைக்கும்போது கோல்கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும் என்ற விதி அந்த ஜூன் மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. வீடியோவில் பார்த்து மறுபடி உதைக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை கோல். 3–3. அலெக்ஸாண்டருக்காக என் மனது வலித்தது, அர்ஜென்டினாவுக்காகத் துள்ளியது. இரண்டு புள்ளிகள் அடுத்த சுற்றுக்குப் போதவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, பயிற்சி முறை மாற வேண்டும் என்று வாய் திறந்த பனினியும் வேறு சிலரும் அடுத்த அணியில் இல்லை. புதுப் பயிற்சியாளர் ஹெர்மன் போர்ட்டனோவா வந்த பிறகே பனினி திரும்பினார். 2022 கோப்பா அமெரிக்காவில் மூன்றாம் இடம். 2023 உலகக் கோப்பையில் 39 வயதுக் கொரேயாதான் கோல்கீப்பர். நியூசிலாந்தின் டனிடின் நகரில் தென்னாப்பிரிக்காவிடம் 0–2 என்று பின்தங்கியிருந்தார்கள். 74-ஆவது நிமிடத்தில் சோஃபியா பிரௌன் தூரத்திலிருந்து ஒன்று, 79-இல் ரொமினா நூன்யெஸ் ஒன்று. நான்கு வருடத்துக்கு முன் ஸ்காட்லாந்துக்கு எதிராக விழுந்த அதே 74, அதே 79! அந்தத் தொடரோடு கொரேயா தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். நான்கு உலகக் கோப்பைகளில் அணி ஆடியது 12 ஆட்டம். மூன்று டிரா, ஒன்பது தோல்வி. ஒரு வெற்றிகூட இன்னும் வரவில்லை.

2024 மே மாதம் கோஸ்டா ரிகாவுடன் நட்பு ஆட்டங்களுக்கு அணி கூடியபோது, அடுத்த கோல்கீப்பர் லௌரினா ஒலிவெரோஸ் உட்படச் சிலர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பயிற்சி நாள்களுக்குக் காசு இல்லை, சாப்பாடு என்று ஒரு சாண்ட்விச்சும் வாழைப்பழமும் என்பது அவர்கள் சொன்ன குறைகளில் சில. ஆண்கள் அணி அப்போது உலகச் சாம்பியன். சட்டையில் மூன்று நட்சத்திரம். சங்கத்திடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த உலகக் கோப்பை 2027-இல் பிரேசிலில். தென்னமெரிக்காவில் பெண்களுக்கான உலகக் கோப்பை நடப்பது அதுவே முதல்முறை. எல்லை தாண்டினால் மைதானம். அர்ஜென்டினா தகுதி பெற்றால் ரசிகர்கள் பஸ் பிடித்தே வந்துவிடுவார்கள். அதற்குள் சங்கம் செய்ய வேண்டியதைச் சொல்லப் பெரிய நிபுணர் வேண்டியதில்லை. பலமான அணிகளுடன் அடிக்கடி ஆட்டம், அணியில் இருக்கிற எல்லோருக்கும் ஒப்பந்தம், தலைநகரைச் சுற்றியே குவிந்திருக்கும் கிளப்புகளைத் தாண்டி உள்நாட்டு ஊர்ச் சிறுமிகளுக்கும் ஒரு தொடர், கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர். கூடவே ஒழுங்கான மதியச் சாப்பாடு.