காயம்பட்ட மானைத் தேட எந்த நாய் வேண்டும்?

ராஜபாளையம் அருகே தளவாய்புரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலை. சேத்தூர், தேவதானம் பக்கம் அடிவாரம் வரை தென்னையும் மாவும் நிற்கின்றன. அதைத் தாண்டினால் காடு. கோடையில் மலைமேல் தண்ணீர் வற்றும்போது புள்ளிமானும் மிளாவும் தோப்புகளுக்கு இறங்கிவிடும். இறங்கியவை எல்லாம் திரும்பி ஏறுவதில்லை. தெருநாய்கள் விரட்டிக் கடிக்கும், சாலையில் வண்டி மோதும், காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி காலை அறுத்துவிடும். செத்து விழுந்த மானை ஊர் பார்த்துவிடுகிறது. காயத்தோடு புதருக்குள் புகுந்த மான் மனிதர் கண்ணில் படுவதே அரிது. அதைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி பயிற்சி பெற்ற நாயின் மூக்கு.

ராஜபாளையத்துக்கு நாய்க்கா பஞ்சம் என்று கேட்கலாம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றில் ஒன்று ராஜபாளையம். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் பக்கத்து இனங்கள்தான். ஆனால் இவை கண்ணால் பார்த்துப் பாய்ந்து பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. அடிபட்ட மானிடம் வேகத்தோடு போகும் நாய் அதைக் கொன்றுவிடும். இந்த வேலைக்கு நிதானமாகத் தடம் பிடிக்கிற நாய் வேண்டும்.

தேடல் எப்படி நடக்கும்? மான் அடிபட்ட இடத்தில் கொஞ்சம் ரோமம், ஒரு துளி ரத்தம் கிடந்தாலும் போதும். நாயை அங்கே நிறுத்தி முகரவிட்டு, சுமார் 10 மீட்டர் நீள வாரில் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ரத்தம் சில அடிகளிலேயே நின்றுபோகலாம்; அதற்காக நாய் தடத்தை விட்டுவிடாது. பல மான் இனங்களுக்குக் குளம்புப் பிளவில் சுரப்பி உண்டு. ஒவ்வோர் அடியிலும் அதன் வாடை மண்ணில் ஒட்டும். மிதிபட்ட இலையின் வாடை, கிளறிய மண்ணின் வாடை எல்லாம் அதோடு சேரும். அதே பாதையில் வேறு மான்கள் குறுக்கே போயிருந்தாலும், தேர்ந்த நாய் தான் தொடங்கிய மானின் தடத்தையே பிடித்துப் போகும். ஈரமுள்ள விடியற்காலை அதற்குச் சாதகமான நேரம். நடுப்பகல் வெயிலில் அடிவாரப் பாறை காய்ந்தால் வாடை சீக்கிரம் மங்கிவிடும்.

நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விரட்டப்படும் மானின் தசைகள் அளவுமீறிய ஓட்டத்தாலும் பயத்தாலும் சிதையத் தொடங்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். காப்பாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருக்கும்போது, சில மணி நேரத்திலோ சில நாளிலோ மான் செத்துப்போவது இதனால்தான். துரத்தாமல் விட்டால் அடிபட்ட மான் பெரும்பாலும் பக்கத்திலேயே மறைவு தேடிப் படுத்துக்கொள்ளும். பதறி ஓடுபவர்கள் அதைத் தூரத்துக்கு விரட்டிவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் இப்படி நாயோடு தடம் தேடுவது பழைய கலை. காயம்பட்ட விலங்கை வலியில் தவிக்க விடக்கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம். அதற்கென்றே ஹனோவர், பவேரிய மலை இன மோப்ப நாய்களை வளர்க்கிறார்கள். குட்டியாக இருக்கும்போதே தரையில் ரத்தத் துளி விட்டு, மான் குளம்பு பதித்துப் பழக்குவார்கள். பிறகு தடத்தின் நீளத்தைக் கூட்டி, பல மணி நேரம் பழசாக்கிச் சோதிப்பார்கள். நாய் சொல்வதை நம்பக் கற்பது கூடவரும் ஆளுக்கான பாடம். இது நாய்க்கான பாடத்தைவிடக் கடினம் என்பேன்.

இங்கே வேட்டை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எனவே நம் நாட்டில் இந்தக் கலைக்கு ஒரே நோக்கம்தான் இருக்க முடியும்: காப்பாற்றுவது, அல்லது கண்ணி வைத்தவரைப் பிடிப்பது. அதற்கான அடித்தளம் இருக்கிறது. வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியாவும் 2008இல் தொடங்கிய திட்டத்தில் பயிற்சி பெற்ற மோப்ப நாய்கள் பல மாநில வனத்துறைகளில் வேலை செய்கின்றன. 2021 அக்டோபரில் நீலகிரியின் மசினகுடிப் பகுதியில் டி23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடியபோது, சிப்பிப்பாறை இனத்து அதவை என்ற நாயும் களத்தில் இருந்தது. துரத்திப் பிடிக்கும் இனத்தையும் பயிற்சியால் தடம் பிடிக்க வைக்க முடியும் என்பதற்கு எனக்கு இந்த ஒன்று போதும்.

அதே 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலிக்கு இரை மிளாவும் புள்ளிமானும். இரை விலங்கைக் காக்காமல் புலியைக் காக்க முடியாது. ஆகவே, வனத்துறை இங்கே பயிற்றுவிக்கும் நாய்களில் ஒன்றையாவது காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். அது நாட்டு இனமாகவே இருக்கலாம்.

அடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்ட மானைக் கண்டால் பின்னால் ஓடாதீர்கள். உங்கள் நாயைக் கட்டிப்போடுங்கள். மான் நின்ற இடத்தை மிதிக்காமல் அடையாளம் வைத்துவிட்டு, அது போன திசையையும் நேரத்தையும் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.