கடல் கொண்ட நிலமும் மண் காட்டும் சான்றும்

தலைமுறை தலைமுறையாக மக்கள் போற்றிவரும் ஒரு பெருங்கதைக்கு மண்ணில் சான்று தேடும்போது, அது மெய்யா பொய்யா என்ற ஒரே கேள்வியோடு தேடலைத் தொடங்குவதால்தான் வழக்குகள் முடிவின்றி நீள்கின்றன. யாத்திராகமம் எனவும் விடுதலைப் பயணம் எனவும் தமிழில் வழங்கும் விவிலிய நூல் கூறும், எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரயேலர் வெளியேறிய நிகழ்ச்சி அத்தகைய வழக்குகளில் உலகப் புகழ் பெற்றது. பஃறுளியாறும் குமரிமலையும் கடலுக்குள் மறைந்தன என்று தமிழ் மரபு கூறும் கடல்கோள் அதற்கு நிகரான தமிழ் வழக்கு. இரண்டு கதைகளும் பயபக்தியோடு படிக்கப்படும் குமரி மாவட்டத்தில் இவற்றை எப்படி அணுகுவது என்பது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வி அன்று.

சுசீந்திரம் கற்றுத்தரும் முறை

இதற்கு வழிகாட்டும் நல்ல எடுத்துக்காட்டு நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரத்திலேயே உள்ளது. அங்குள்ள தாணுமாலயன் கோயிலின் தலபுராணம், கௌதம முனிவரின் சாபத்துக்கு ஆளான இந்திரன் கொதிக்கும் நெய்யில் மூழ்கித் தூய்மை பெற்றதாகக் கூறுகிறது. இந்திரன் வந்தான் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று தேடுவதில் பொருளில்லை. ஆனால், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி அந்தணர் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தம் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற 'கைமுக்கு' என்னும் கடுஞ்சோதனை இக்கோயிலில் உண்மையாகவே நடந்துவந்தது என்பதும், 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சிக்காலத்தில் அது நிறுத்தப்பட்டது என்பதும் வரலாறு. புராணம் ஒரு நாள் நடந்த நிகழ்ச்சியின் குறிப்பாக இல்லாவிட்டாலும், நெடுங்காலம் நிலவிய ஒரு வழக்கத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது.

நாஞ்சில் மண்ணில் பிறந்த வரலாற்றுப் பேராசிரியர் கே.கே. பிள்ளை, 1953இல் வெளிவந்த சுசீந்திரம் கோயில் பற்றிய தம் ஆங்கில நூலில் இந்த முறையையே கையாண்டார். புராணத்தைப் புராணமாகவே மதித்து எடுத்துரைத்த அவர், கோயிலின் காலத்தையும் ஊர்ச்சபையின் செயல்பாட்டையும் நிலக்கொடைகளையும் கல்வெட்டுகளைக் கொண்டே நிறுவினார். இரண்டு வகைச் சான்றுகளையும் அவையவை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்திய இந்த ஒழுங்கு, பெரிய வழக்குகளுக்கும் பொருந்தக்கூடியது.

எகிப்தை விட்டு வெளியேறியவர்கள்

பெண்களும் குழந்தைகளும் நீங்கலாக ஆடவர் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் எகிப்தை விட்டுப் புறப்பட்டு நாற்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் அலைந்ததாக விவிலியம் கூறுகிறது. அப்படியானால் மொத்தத் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டும். இது அக்கால எகிப்தின் மொத்த மக்கள்தொகையாக ஆய்வாளர் மதிப்பிடும் எண்ணிக்கைக்கு அருகில் வரும். இத்தனை பெரிய கூட்டம் தங்கிய இடத்தில் அடுப்பும் உடைந்த பானையும் புதைகுழியும் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால், நெடுநாள் தங்கியதாக விவிலியம் கூறும் காதேஸ்பர்னேயா எனக் கருதப்படும் மேட்டில் 1976 முதல் 1982 வரை நடந்த அகழாய்வில் கி.மு. 10ஆம் நூற்றாண்டை ஒட்டிய கோட்டையே மிகப் பழைய கட்டுமானமாக வெளிப்பட்டது. பொதுவாக வெளியேற்றத்துக்குக் குறிக்கப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்குரிய குடியிருப்பு எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் கதை முழுவதும் கற்பனை என்று முடிவு கட்டவும் இயலாது. 1896இல் தொல்லியலாளர் பிளின்டர்ஸ் பெட்ரி தீபஸ் நகரில் கண்டெடுத்த மெர்னெப்தா மன்னனின் வெற்றிக் கல்வெட்டு, கி.மு. 1208 அளவிலேயே கானான் நாட்டில் இஸ்ரயேல் என்ற பெயரில் ஒரு மக்கட்கூட்டம் இருந்ததைக் காட்டுகிறது. நைல் ஆற்றின் கழிமுகத்தில் மேற்காசியாவிலிருந்து வந்த செமித்திய மொழி பேசுவோர் பல நூற்றாண்டுகள் குடியிருந்ததை மான்ஃபிரெட் பியெடாக் நடத்திய அகழாய்வுகள் உறுதிசெய்துள்ளன. அந்தச் சேற்றுநிலத்தில் பாப்பிரஸ் ஏடுகள் அழிந்துபோவது இயல்பு என்றும், கூடாரம் அடித்து நகர்ந்தோர் தடம் விட்டுச்செல்வது அரிது என்றும் எகிப்தியல் அறிஞர் கென்னத் கிச்சன் போன்றோர் வாதிட்டனர். கி.மு. 1200ஐ ஒட்டிக் கானான் மலைப்பகுதியில் தோன்றிய சிற்றூர்களின் மட்பாண்டங்கள் உள்ளூர் மரபைச் சேர்ந்தவையே என்பதால் இஸ்ரயேலரில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்களே என்று தொல்லியலாளர் இஸ்ரயேல் ஃபிங்கெல்ஸ்டைன் முதலானோர் எதிர்வாதம் வைக்கின்றனர். ஒரு சிறு கூட்டம் எகிப்திலிருந்து தப்பி வந்திருக்கலாம், அதன் நினைவு நாளடைவில் முழு இனத்தின் நினைவாக வளர்ந்திருக்கலாம் என்பது இவ்விரு தரப்புக்கும் இடையே பலர் ஏற்கும் கருத்து.

குமரியைக் கடல் கொண்ட கதை

தமிழ் வழக்கிலும் இதே அமைப்பைக் காணலாம். நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் 9ஆம் பாட்டு பஃறுளியாற்றைக் குறிப்பிடுகிறது. அந்த ஆறு அப்போது மறைந்துவிட்டதாக அப்பாட்டில் குறிப்பு இல்லை. அது குமரி மாவட்டத்தில் இன்று பாயும் பரளியாறே என்று கருதிய ஆய்வாளரும் உண்டு. கடல் தன் நிலத்தைக் கொண்டபின் பாண்டியன் பிற நாட்டு நிலத்தை வென்று ஈடுசெய்தான் என்று கலித்தொகையும், பஃறுளியாற்றோடு குமரிமலையும் கடலுக்கு இரையானது என்று சிலப்பதிகாரமும் கூறுகின்றன. குமரிக் கடல்கோள் பற்றிய பழைய இலக்கியக் குறிப்புகள் பெரும்பாலும் இவ்வளவில் அடங்குகின்றன. பெரிய எண்கள் எல்லாம் பின்வந்த உரைகளிலேயே தோன்றுகின்றன.

ஏறத்தாழ கி.பி. 8ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இறையனார் அகப்பொருள் உரை, தென்மதுரையில் இருந்த முதற்சங்கம் 4440 ஆண்டும், கபாடபுரத்தில் இருந்த இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவியதாகவும், முதலிரண்டு தலைநகரங்களும் கடல்கோளால் அழிந்ததாகவும் கூறுகிறது. இம்மூன்று எண்களும் 37ஆல் மீதியின்றி வகுபடுபவை. முறையே அதன் 120, 100, 50 மடங்குகள். ஆண்டுக்கணக்கு ஏடுகளிலிருந்து எடுத்தாளப்பட்ட எண்கள் இத்தனை ஒழுங்காக அமைவது அரிது. இவை ஒரு வரையறையின்படி வகுத்தமைக்கப்பட்ட எண்கள் என்று கொள்வதே பொருத்தம். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதப் பரப்பில் 49 நாடுகள் இருந்ததாக எழுதுகிறார். காவதத்தின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டெனினும், அதைப் பத்து மைல் எனக் கொண்டால் அந்நிலம் குமரிமுனையிலிருந்து தென்துருவத்தையும் கடந்து செல்லும். விவிலியத்தின் ஆறு இலட்சத்தைப் போலவே இந்த எண்ணும் நிலத்தை அளந்து பெற்றது ஆகாது. இழப்பின் பெருமையைச் சொல்ல எழுந்தது.

இந்த மரபோடு 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கருத்து வந்து கலந்தது. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகளின் உறவு காணப்படுவதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் இந்துமாக்கடலில் மூழ்கிய ஒரு கண்டம் இருந்திருக்கும் என்று கருதி அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். கண்டங்கள் மூழ்கவில்லை, நகர்ந்தன என்பது 20ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டபின் அறிவியல் அக்கருத்தைக் கைவிட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. மனித இனம் தோன்றியது அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னர். லெமூரியாவையும் சங்ககாலத்தையும் ஒன்றாக இணைப்பது பொருந்தாது என்று கே.கே. பிள்ளையும் எழுதினார்; ஆனால், கடலால் நிலம் இழக்கப்பட்டது என்ற செய்தியை அவர் ஒதுக்கவில்லை.

கடலடியும் கரையும் சொல்வது

கடல் நிலத்தைக் கொண்டதற்கு நிலவியல் சான்று உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்று இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடைய பாக் நீரிணை அப்போது நிலமாக இருந்து தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்தது. குமரிமுனைக்குத் தெற்கே மீன்வளத்துக்குப் பெயர்பெற்ற வாட்ஜ் பேங்க் என்னும் ஆழம் குறைந்த கடற்பரப்பிலும் பெரும்பகுதி நீருக்கு மேல் இருந்தது. பனி உருகக் கடல் ஏறியது; சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் பெரும்பாலும் நின்றது. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' என்னும் நூலில் விளக்கியதுபோல், மூழ்கியது கண்டம் அன்று, கரையை ஒட்டிய நிலத்தின் நீட்சியே. அந்நிலத்தில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் மனிதர் வாழ்ந்திருக்கலாம். அங்கே அரசும் நகரும் தமிழ்ச்சங்கமும் இருந்ததற்கு இதுவரை ஒரு பானை ஓடும் கிடைக்கவில்லை.

கடல் ஒரே நாளில் பொங்கி அழிப்பதற்கும் சான்று உண்டு. அது இன்று வாழ்வோர் கண்டது. சுசீந்திரத்தை ஒட்டி ஓடும் பழையாறு கடலில் சேரும் மணக்குடியில், 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை உயிர்களைப் பறித்ததோடு, மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த கான்கிரீட் பாலத்தையும் தூண்களிலிருந்து பெயர்த்து எறிந்தது. அதே அலை மணலை அரித்த மாமல்லபுரம் பகுதியில், சாளுவன்குப்பத்தில் 2005இல் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, பல்லவர் காலக் கட்டுமானத்துக்கு அடியில் இன்னும் பழைய செங்கல் முருகன் கோயிலை வெளிப்படுத்தியது. அங்குக் கண்ட மணற்படிவுகளைக் கொண்டு, முற்காலத்திலும் பேரலைகள் அதைத் தாக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதினர். இத்தகைய பேரழிவை நேரில் கண்ட சமூகம் அதைப் பாட்டில் பதித்தது வியப்பன்று.

இதற்கு மாறான சான்றையும் மறைக்கக் கூடாது. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் அங்கே கடல் பின்வாங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கப் பயணக் கையேடு, மக்கள் புனித நீராடும் துறையாகக் குமரியைக் குறிப்பிடுகிறது; ஆகவே அப்போதே குமரி ஒரு கடற்கரைத் துறையாகத்தான் இருந்தது. பூம்புகாருக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட லாட வடிவ அமைப்பை, ஆழத்தை மட்டும் வைத்துப் பல்லாயிரம் ஆண்டுப் பழைமையுடைய நகரம் எனச் சொல்லிவிட முடியாது. அது மனிதர் கட்டியது தானா என்பதும், கட்டியிருந்தால் எக்காலத்தில் என்பதும் தனித்தனியாக நிறுவப்பட வேண்டும்.

தமிழின் தொன்மைக்கு அளவற்ற ஆண்டுக்கணக்கு தேவையில்லை. கொற்கையில் 1960களின் இறுதியில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 எனவும், சிவகளை முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனவும் ஆய்வகங்கள் கணித்துள்ளன. எவரும் மீண்டும் சோதித்துப் பார்க்கக்கூடிய இத்தகைய சான்றுகளே தமிழர் வரலாற்றின் உறுதியான அடித்தளம். பிறர் சிரிக்க இடந்தரும் எண்களை அவற்றின் மேல் ஏற்றினால் மெய்யான சான்றும் மதிப்பிழக்கும். அதே வேளையில், சான்று கிடைக்கவில்லை என்பதற்காகக் கடல்கோள் நினைவை வெறுங்கதை என்று தள்ளுவதும் தவறு. முன்னோர் தம் இழப்பை வழிவழியாகச் சொல்லிக் காத்ததே ஒரு வரலாற்றுச் செய்தி.

பள்ளிப் பாடத்திலும் மேடையிலும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இன்னது இலக்கியம் கூறுவது, இன்னது உரையாசிரியர் சேர்த்தது, இன்னது நிலவியல் காட்டுவது, இன்னது அகழாய்வில் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினால் மாணவருக்குத் தம் மரபின்மீது பற்றும் குறையாது, ஆராயும் துணிவும் வளரும். மன்னார் வளைகுடாவிலும் குமரிக் கடலிலும் முறையான கடலடித் தொல்லியல் ஆய்வும், கழிமுகங்களில் பழைய பேரலைகளின் மணற்படிவுகளைத் தேடிக் காலம் கணிக்கும் ஆய்வும் தொடர்ந்து நடைபெற வேண்டும். கடல் எவ்வளவு கொண்டது, எப்போது கொண்டது, அங்கே யார் வாழ்ந்தார் என்ற கேள்விகளுக்கு அந்த ஆய்வுகள் தரும் விடை எதுவாயினும் அதை ஏற்கும் நேர்மை தமிழர்க்கு வேண்டும்.