செயலிக்குப் பன்னிரண்டு சாட்சிகள்

யாழ் ஐ.டி. ஹப் நடத்திய போட்டிகளில் நம் மாணவர் ஆக்கிய கைப்பேசிச் செயலிகளைக் கண்டு மகிழ்ந்தோம். அவற்றை உலகோர் பெறவேண்டின் கூகுள் பிளேயில் ஆக்குநர் கணக்குத் தேவை. 18 வயது நிறைந்திருத்தல் வேண்டும். கட்டணம் ஒரே தடவை 25 அமெரிக்க டொலர். அப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99.

ஆயின் இடர் பணத்தில் இல்லை. 2023 நவம்பர் 13இற்குப் பின் திறந்த தனியாள் கணக்காயின், 12 பேர் 14 நாள் இடைவிடாது சோதனையில் இணைந்திருத்தல் வேண்டும். அதன் பின்னரே வெளியிட அனுமதி கோரலாம். முன்னர் 20 பேர் கேட்டனர். கரவெட்டியில் பன்னிரு உறவினரைத் திரட்டுதல் நமக்கு அரிதோ! ஆனால் இடையில் எவரும் விலகலாகாது. ஓரிருவரை மிகையாகச் சேர்ப்பது நலம்.

செயலியாற் பொருளீட்டின் வீட்டு முகவரியும் அங்கே வெளியாகும். பெற்றோர் இதனை முன்னரே அறிந்திருக்கட்டும்.