கையுறை போதாது

தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே வேலை செய்கிறவர்களை யார் காப்பாற்றுவது? பெங்களூரில் தொண்டு அமைப்புகள் அந்த வேலையை வீட்டுச் சமையலறையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ரயில் பாதையை ஒட்டிய ஒக்கலிபுரம், கன்னடமும் தமிழும் கலந்து கேட்கும் பேட்டை. பெங்களூரின் இத்தகைய பேட்டைகளில் குப்பை வண்டிக்கு முன்பே தெருவில் இறங்கிவிடுகிறார்கள் குப்பை பொறுக்குவோர். தோளில் சாக்கு. குவியலுக்குள் நுழையும் கையில் பால் கவரும் தண்ணீர் பாட்டிலும் அகப்படலாம். உடைந்த பல்ப், சவர பிளேடு, யாரோ இன்சுலின் போட்டுவிட்டு வீசிய ஊசி, சுற்றாமல் எறிந்த நாப்கின் ஆகியவையும் அகப்படலாம். ஒரு கீறல் போதும், டெட்டனஸுக்கோ ஹெபடைடிஸ் பி கிருமிக்கோ வழி திறந்துவிடும்.

ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. விரலால் நசுக்கி, ஓசை கேட்டுத்தான் பிளாஸ்டிக்கின் ரகத்தைப் பிரிக்கிறார்கள். ரகத்துக்கு ஒரு விலை. தடித்த கையுறை அந்த விரலறிவை அடைத்துவிடுகிறது, மெல்லியதை ஊசி துளைத்துவிடுகிறது. வியர்வை வேறு. இலவசமாக வந்த கையுறைகள் மூலையில் கிடப்பதற்கு அலட்சியம் காரணமல்ல.

சட்டமோ அவர்களைத் தேடி வரவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கு எழுதப்பட்டது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பெரும்பாலும் பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனங்களையே கணக்கில் கொள்கிறது. குப்பை பொறுக்குகிறவருக்கு முதலாளியும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. சந்தேகத்தில் பிடித்துப்போகும் போலீஸ்காரர் மட்டும் உண்டு.

எனவே, தொண்டு அமைப்புகள் முதலில் கேட்டது முகமூடியையோ பூட்ஸையோ அல்ல, அடையாள அட்டையை. லோக் அதாலத் உத்தரவையடுத்து 2011ல் பெங்களூர் மாநகராட்சி அட்டை வழங்கத் தொடங்கியது. 'நீ யார்?' என்ற அதிகாலைக் கேள்விக்கு நீட்டிக் காட்ட ஏதோ ஒன்று கிடைத்தது. அந்தக் காலகட்டத்தில் உருவான அமைப்புதான் ஹசிரு தள. கன்னடத்தில் பச்சைப் படை என்று பொருள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நளினி சேகர், புனேயில் 1993ல் உருவான குப்பை பொறுக்குவோர் சங்கத்தில் பணியாற்றியவர். அட்டையின் மதிப்பு அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

மாநகராட்சியை அசைத்தது கருணை அல்ல, நாற்றம். 2012ல் மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட, நகரத் தெருக்களில் குப்பை மலையானது. வார்டுதோறும் உலர்கழிவு மையங்கள் வந்தன. அவற்றில் பலவற்றை நடத்தும் பொறுப்பு குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களுக்கே கிடைத்தது. வெயிலில் குனிந்து கிளறிய கைகள் கூரையின் கீழ், மேஜைமீது தரம் பிரித்தன. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை.

அடுத்தது சமையலறை. குடியிருப்போர் குழுக்கள் முன்வைத்த 'இரண்டு தொட்டி, ஒரு பை' முறையை 2015 டிசம்பர் 17 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கியது. ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி, சானிடரி கழிவுக்கும் இதர ஆபத்தானவற்றுக்கும் சிவப்புத் தொட்டி, காய்ந்ததெல்லாம் பைக்குள். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் பொட்டு வைக்கும் பிரச்சாரமும் நடந்தது. ஒரு பொட்டு, பத்துப் பைசா செலவில்லை, பிரிக்காமலே ஒதுக்கிவிடலாம். புனேயில் 2013லேயே பயன்படுத்திய நாப்கின்களைத் தயாரிப்பு நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பிக் கேள்வி கேட்டிருந்தார்கள் அங்குள்ள பெண்கள். சுற்றி எறிவதற்கான உறையைத் தயாரிப்பாளர்களே தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. கழிவைக் கையாளும் தொழிலாளர்களுக்குச் சீருடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகமூடி தர வேண்டும் என்றும் கூறின. விதி அழகானதுதான். தானே ராஜா, தானே சேவகன் என்று தெருவில் அலைகிறவருக்கு அதை யார் தருவது என்பதில்தான் இழுபறி.

பாதாளச் சாக்கடைத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024ல் குப்பை பொறுக்குவோரும் சேர்க்கப்பட்டார்கள். பாதுகாப்பு உபகரணம், ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீடு ஆகியவை அதில் உண்டு. ஆனால், காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான் செல்லும். ஊசி குத்தி வீங்கிய கையோடு வீட்டில் கிடக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. அன்றைய அரிசிக்குக் கைமாற்று தருபவர் பெரும்பாலும் சரக்கு எடுக்கும் குஜரிக் கடைக்காரர்தான். அடுத்த வாரச் சாக்கை நிறுக்கும்போது அவர் அதைக் கழித்துக்கொள்வார்.