கூடாது என்ற மருந்து

இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு, இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுக்கவே கூடாது. 1970-களில் மருத்துவ உலகம் பிடிவாதமாகப் பின்பற்றிய விதி இது. அந்தப் பயத்திலும் நியாயம் இருந்தது. ரத்தத்தை உந்தித் தள்ள முடியாமல் திணறும் இதயத்தை இன்னும் மெதுவாக்கினால் உயிருக்கே ஆபத்தாகாதா?

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பணியாற்றிய ஃபின் வாக்ஸ்டைன் இந்த விதியை மீறிப் பார்த்தார். 1975-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் ஏழே பேர். இதயத்தசை நோய் முற்றியவர்கள். சும்மா படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூறை ஒட்டி ஓடியது. மருந்து தொடர்ந்தபோது அவர்களால் கூடுதலாக உழைக்க முடிந்தது. வீங்கிய இதயமும் சுருங்கியது.

ஏழு பேரை வைத்து யார் நம்புவார்கள்? குழுவிலிருந்த கார்ல் ஸ்வெட்பெர்க் 1979-இல் மருந்து பெற்ற 24 பேரை, முன்பு மருந்தின்றிச் சிகிச்சை பெற்ற 13 பேரோடு ஒப்பிட்டார். மருந்து பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். ஆனால், குலுக்கல் முறையில் பிரிக்காத ஒப்பீடு என்பதால் அது முடிவான சான்றாகவில்லை. மறு ஆண்டு வந்த ஆய்வைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தேறியவர்களுக்கு மருந்தை நிறுத்தினார்கள். இதயம் மறுபடி தளர்ந்தது. திரும்பக் கொடுத்ததும் தேறியது.

ஏன் இப்படி? இதயம் தளரும்போது உடல் நாரட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரந்து அதை விரட்டுகிறது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவது போலத்தான். கொஞ்ச தூரம் ஓடும், பிறகு சாய்ந்துவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த விரட்டல் தசைச் செல்களையே அழிக்கிறது. பீட்டா பிளாக்கர் அதைத் தடுக்கிறது.

ஐயம் தீர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 14 நாடுகளில் 3,991 பேரிடம் மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் சோதிக்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 217 பேர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 145 பேர். பலன் தெளிவாகவே, சோதனையை முன்கூட்டியே முடித்தார்கள்.

பழைய பயமும் முழுப் பொய்யல்ல. எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் நோயாளி தாங்கமாட்டார். அந்தச் சோதனையில் 12.5 அல்லது 25 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கொருமுறை ஏற்றி, தாங்கியவர்களுக்கு 200 வரை கொண்டுபோனார்கள். ஆரம்ப வாரங்களில் சிலருக்கு அசதி கூடலாம். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 1980-லேயே அது தெரிந்துவிட்டது.